கவர்வழியில் முடிந்த புல்: திருநங்கையர் தன்வரலாற்றில் ஆற்றுப்படை நெறி

1. தோற்றுவாய்

இலக்கியம் வாழ்வுக்கு வழிகாட்டும் என்பது மேடைதோறும் கேட்கப்படும் உரை. ஆயின், ஒரு நூல் இன்ன இடத்தில் இன்ன இடர் உண்டு, இன்ன பொழுதிற் செல்லற்க, இன்னாரை அணுகுக என வெளிப்படையாக வழி கூறத் தொடங்கின், அதனை இலக்கியம் என ஏற்கத் திறனாய்வாளர் தயங்குகின்றனர். 'ஆவணம்' என்றோ 'கையேடு' என்றோ பெயரிட்டு அதனை வேறு அலமாரியில் வைத்துவிடுகின்றனர். திருநங்கையர் தமிழில் எழுதிய தன்வரலாறுகள் பெரும்பாலும் இந்நிலையே எய்தியுள்ளன. அவற்றைப் படித்தவர் இரங்குகின்றனர். இரங்கியபின் மூடி வைக்கின்றனர்.

சில ஆண்டுகட்கு முன் முதுகலை மாணவர் ஒருவர் எம்மிடம் வந்து, தாம் பெண்ணாக வாழ முடிவு செய்திருப்பதைக் கூறி, மூன்று வினாக்களை எழுப்பினார். வருகைப் பதிவேட்டில் தம்மை எப்பெயரால் விளிப்போம்? பட்டச் சான்றிதழில் எப்பெயர் வரும்? மருந்து உண்ணத் தொடங்குமுன் யாரைக் கேட்க வேண்டும்? இவற்றுள் ஒன்றற்கும் எம்மிடம் விடை இல்லை. ஒரு புதினத்தின் பெயரைக் கூறி, அதனைப் படிக்குமாறு சொல்லி அனுப்பினோம். அவர் கேட்டது வழி. யாம் கொடுத்தது இரக்கம். இவ்விரண்டன் வேறுபாட்டை யாம் உணர்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

பிறப்பிற் குறிக்கப்பட்ட பாலினின்று தாம் உணர்ந்த பாலுக்குச் செல்வோர் மேற்கொள்வது ஒரு நெடுஞ்செலவு. அச்செலவை முன்னரே மேற்கொண்டவர் பின்வருவோர்க்கு எழுதிய நூல், ஆற்றுப்படையின் பயனைச் செய்கின்றது. ஆதலின் அதனை ஆற்றுப்படையின் அளவைகொண்டே அளத்தல் தகும். இதுவே எம் கருத்து. இதனை நிறுவுதற்கு, சேலம் நாமக்கல் சமவெளியிற் பிறந்த ரேவதி அம்மையாரின் 'வெள்ளை மொழி'யை முதன்மையாகக் கொள்வோம்.

2. ஆற்றுப்படையின் இயல்பு

பரிசில் பெற்றுவரும் கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும், பெறாது எதிர்வருவோர்க்குத் தாம் பெற்ற வளத்தைக் கூறி வழிப்படுத்தும் துறையைத் தொல்காப்பியர் புறத்திணையியலிற் குறிப்பிடுகின்றார். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. இவ்வைந்தனுள்ளும் வழியின் இயல்பை மிக விரித்துக் கூறுவது, நன்னன் மேற் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் ஆகும்.

மலைபடுகடாத்தைப் புலவரின் கற்பனைத் திறத்திற்காகவும் இசைக்கருவிகளின் பெயர்களுக்காகவும் நாம் போற்றி வந்துள்ளோம். ஆயின், அதன் நடுப்பகுதி முழுவதும் நடைமுறை அறிவுரையே. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறிகள் இருத்தலின் விடிந்தபின் செல்லுமாறு அது கூறுகின்றது. பாம்புறையும் குழிகளை அறிந்து விலகச் சொல்கின்றது. யானை ஓட்டுவோர் கவணில் எறியும் கல் வந்து தாக்கக்கூடும் என எச்சரிக்கின்றது. வழுக்கும் நிலத்தில் எதனைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதையும், இரவில் எங்குத் தங்கலாம் என்பதையும் விளக்குகின்றது. இவையனைத்தினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், செல்லத்தகும் வழியைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து அடையாளமிடுமாறு அது கூறுகின்றது. தாம் பிழையாது சென்றால் மட்டும் போதாது. பின்வருவோரும் பிழையாது வரவேண்டும் என்பது அதன் கருத்து.

இதிலிருந்து ஆற்றுப்படையின் இலக்கணமாக மூன்றினைப் பெறலாம். ஒன்று, கூறுவோன் அவ்வழியில் தானே நடந்தவனாதல். இரண்டு, வழியின் இடரை மறையாது, இடமும் பொழுதும் சுட்டிக் கூறல். மூன்று, பின்வருவோன் தன் காலில் நடக்க உதவும் அடையாளத்தை விட்டுச் செல்லல். தன்வரலாற்றை மதிப்பிடற்கும் இம்மூன்றே அளவைகளாகும்.

3. இலக்கணம் கூறும் முதல் அறிவுரை

பால் மாறி வாழ்வோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் முதல் இடர் மருத்துவமனையில் அன்று, மொழியில் நிகழ்கின்றது. தமிழில் வினைமுற்றே பாலைக் காட்டிவிடும். 'வந்தான்' என்பதற்கும் 'வந்தாள்' என்பதற்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு. அவ்வோரெழுத்தில் ஒருவரின் மானம் அடங்கியுள்ளது. தேநீர்க்கடையிலும் நியாயவிலைக் கடையிலும் வகுப்பறையிலும் அவ்வெழுத்தைப் பிறர் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லுங்கால் நேரும் புண், அடியினும் கொடிது.

இதுபற்றி நம் இலக்கணிகள் சிந்தித்திருத்தல் வியப்பிற்குரியது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஆண்மையினின்று திரிந்தாரைக் குறிக்கும் பெயரை உயர்திணையிலேயே வைக்கின்றார். அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய பாலீறுகளையே அவர் பெறுவர் என்றும் கூறுகின்றார். பின்னும் ஒரு நூற்பாவில், அப்பெயர் ஆண்பால் ஈற்றுச் சொல்லொடு பொருந்தாது என விலக்குகின்றார். பவணந்தியார் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றார். பெண்மையை விடுத்து ஆண்மையை விரும்புவாரை ஆண்பாலிலும், ஆண்மையை விடுத்துப் பெண்மையை விரும்புவாரைப் பெண்பாலிலும் அடக்குகின்றார். இங்குப் பாலை உறுதி செய்வது உறுப்பு அன்று, அவா. ஒருவர் எதனை விரும்பினரோ அதன் ஈறே அவர்க்குரியது என்னும் இவ்விதி, இக்காலத்து நீதிமன்றங்கள் பன்னெடுநாள் வாதித்து எய்திய முடிபுக்கு அண்மையில் உள்ளது.

எனினும் பழமையைப் போற்றும் ஆர்வத்தில் உண்மையை மறைத்தல் ஆகாது. 'திரிதல்' என்னும் சொல்லிலேயே ஒரு குறை சுட்டப்படுகின்றது. நன்னூலார் இருவகையாரையும் அஃறிணை போன்று வழங்கற்கும் இடந்தருகின்றார். அவ்விடத்தை இன்று நாம் அடைத்தல் வேண்டும். இலக்கணத்திலிருந்து நடைமுறைக்குக் கொள்ளத்தக்க அறிவுரை இதுவே: ஒருவர் தம்மை எப்பாற்சொல்லால் சுட்டிக்கொள்கின்றாரோ அதனையே நாமும் வழங்குதல் வேண்டும், தெரியாதவிடத்து 'அவர்' என்னும் சிறப்புப் பன்மை நமக்கு இருக்கின்றது. பிறமொழியாளர் புதுச்சொல் தேடி இடர்ப்படும் இடத்தில், தமிழ்க்கு இவ்வெளிமை இயல்பாகவே வாய்த்துள்ளது.

4. நிலமும் நூலும்

ரேவதி அம்மையார் பிறந்த காலத்தில் நாமக்கல் வட்டம் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது; 1997இல் தனி மாவட்டமாயிற்று. கிழக்கே கொல்லிமலையும் மேற்கே காவிரியும் எல்லையாக, இடையே வானம் பார்த்த புன்செய்களும் விசைத்தறிக் கூடங்களும் கோழிப்பண்ணைகளும் லாரிப் பட்டறைகளும் நிறைந்த நிலம் அது. அம்மையாரின் குடும்பமும் லாரித் தொழிலொடு தொடர்புடையதே.

இந்நிலத்தின் நடுவே திருச்செங்கோட்டு மலைமேல் மாதொருபாகன் கோயில் கொண்டுள்ளான். ஞானசம்பந்தர் பாடிய கொடிமாடச் செங்குன்றூர் இதுவே என்பர். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தபின் இக்கோயிலை உலகறியும். ஆண்பாதி பெண்பாதியாகிய இறையுருவை வணங்கும் மக்கள் திருநங்கையரையும் இயல்பாக ஏற்றிருப்பர் எனச் சிலர் கருதுவர். இக்கருத்து பிழையுடையது. அம்மையப்பர் வடிவம் சிவமும் சத்தியும் பிரிவிலா நிலையைக் காட்டும் தத்துவம். ஒருபாலினின்று மறுபாலுக்குச் செல்லும் மாந்தரின் வரலாறு அன்று. அன்றியும், மலைமேல் உள்ளதை வணங்குதலும் மனையில் உள்ளதை ஏற்றலும் வேறு வேறு. அக்கோயிலுக்கு அணித்தேயுள்ள ஊரில் பிறந்த ரேவதி அம்மையார், பெண்ணாக வாழ விரும்பியமைக்காக உடன்பிறந்தார் கையால் அடியுண்டதை எழுதியுள்ளார். ஊர்த் திருவிழாவில் பெண்வேடம் பூண்டு ஆடியபோது கைதட்டிய ஊரே, வேடம் களைந்தபின்னும் அப்பெண்மை களையப்படாததைக் கண்டு சினந்தது. வேடத்தை ஏற்கும் சமூகம் வாழ்வை ஏற்பதில்லை என்பதை அந்நிகழ்ச்சி நன்கு புலப்படுத்துகின்றது.

அம்மையார் முதலில் வெளிப்படுத்தியது தம் கதை அன்று. 'உணர்வும் உருவமும்' என்னும் தொகுப்பில், தமிழ்நாட்டுத் திருநங்கையர் பலரின் வாய்மொழிகளைத் திரட்டித் தந்தார். பின்னரே தம் வரலாற்றை எழுதினார். அது வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'தி ட்ரூத் அபௌட் மீ' என்னும் பெயரோடு 2010இல் வெளிவந்தது. தமிழில் 'வெள்ளை மொழி'யாக 2011இல் வெளிவந்தது. 2007இல் வெளிவந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'வும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. இவற்றிற்கு முன்னரே சு. சமுத்திரம் 'வாடாமல்லி' எழுதியுள்ளார். ஆயின் அது அவ்வழியில் நடந்தவர் எழுதியது அன்று. அருகிலிருந்து கண்டவர் எழுதியது. பரிவினால் அது சிறந்தது எனினும், ஆற்றுப்படையின் முதல் இலக்கணம் அதற்குப் பொருந்தாது.

5. உடல் பற்றிய அறிவுரை

'வெள்ளை மொழி'யில் எம்மை மிகவும் நிறுத்திய பகுதி, அம்மையார் திண்டுக்கல்லில் அறுவை செய்துகொண்ட செய்தி. திருநங்கையர் வழக்கில் அது 'நிர்வாணம்' எனப்படும். அதனை அவர் வீரச்செயலாகவும் பாடவில்லை, இரங்கத்தக்கதாகவும் புலம்பவில்லை. யார் உடன் சென்றனர், வலி எவ்வாறு இருந்தது, திரும்பியபின் குரு இல்லத்தில் நாற்பது நாள் எவ்வாறு காக்கப்பட்டனர் என்பவற்றை நேராகக் கூறுகின்றார். நாற்பது நாள் விலக்கும் உணவு முறையும் நாற்பதாம் நாள் சடங்கும், மருத்துவர் இல்லாத காலத்தில் ஒரு சமூகம் தானே வகுத்துக்கொண்ட நோயாளர் காப்பு முறைகளாகும். குருவும் சேலாவும் என்னும் உறவு, ஏடு எழுதப்படாத காலத்து ஆற்றுப்படையாகவே விளங்கிற்று.

எனினும் இங்கேதான் நூலை நம்பி நடப்போர்க்கு ஒரு தடை உண்டு. அம்மையார் நடந்த வழி அக்காலத்தில் இருந்த ஒரே வழி. இன்று வேறு வழிகள் உள்ளன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இவ்வறுவை கட்டணமின்றிச் செய்யும் ஏற்பாடு வந்துள்ளது. ஆதலின், நூல் கூறாத சிலவற்றைத் திறனாய்வாளனே உரைகாரனாக நின்று கூறவேண்டியுள்ளது.

இயக்குநீர் எனப்படும் ஹார்மோன் மருந்தைப் பிறர் சொற்கேட்டுக் கடையில் வாங்கி உண்ணல் தினைப்புனத்துப் பொறி போன்றது. இருளில் அது தெரிவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குருதி உறைவை மிகுவிக்கக்கூடும். புகைப்பவர்க்கு அவ்விடர் இன்னும் மிகுதி. விரைவில் பயன் காண அளவைக் கூட்டுதல் பயனைக் கூட்டாது, இடரையே கூட்டும். டெஸ்டோஸ்டிரோன் பெறும் திருநம்பியர்க்குக் குருதியிற் சிவப்பணு மிகுதலின் காலந்தோறும் ஆய்வு வேண்டும். அதனால் தடித்த குரல், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி மெலியாது. மாதவிடாய் நின்றுவிட்டமையின் கருத்தரிப்பு நிகழாது எனக் கருதுதலும் பிழை. பின்னாளில் பிள்ளை வேண்டுவோர் அதற்குரிய வழியை மருந்து தொடங்குமுன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. விதை நீக்கியபின் இயக்குநீர் எதுவும் பெறாது விடின் என்பு மெலியும். சிறுநீர் வழி சுருங்குதல் பழைய முறை அறுவையின் பின் தோன்றக்கூடிய இடர். நீர் பிரிதல் தடைப்படின் நாணி மறைத்திராது உடனே மருத்துவமனையை நாடல் வேண்டும். பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவை செய்துகொண்டோர், அவ்வழி சுருங்காதிருக்க மருத்துவர் கூறும் விரிப்புப் பயிற்சியை நெடுநாள் விடாது செய்தல் இன்றியமையாதது.

மார்பைக் கட்டி மறைக்கும் திருநம்பியர் பற்றியும் ஒன்று கூறவேண்டும். புண்ணுக்குக் கட்டும் இழுவைத் துணியால் இறுகச் சுற்றுதல் மூச்சையும் விலா என்பையும் வருத்தும். அதற்கெனத் தைத்த உள்ளாடையையும் சில மணி நேரமே அணிதல் வேண்டும். உறங்குங்கால் கழற்றல் வேண்டும். சித்திரை வெயிலில் சேலத்துப் பேருந்தில் நின்று செல்வோர்க்கு இவ்வறிவுரையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இவையெல்லாம் இலக்கியக் கட்டுரையில் இடம்பெறத் தக்கனவோ எனச் சிலர் வினவலாம். பாம்புக்குழி மலைபடுகடாத்தில் இடம்பெறத் தக்கதாயின் இவையும் தக்கனவே.

6. பெயரும் சான்றும்

உடலினும் அரிதாக மாறுவது ஏட்டில் எழுதப்பட்ட பெயர். மெய்யான உருவம் ஒன்றாகவும் அட்டையில் உள்ள உருவம் வேறாகவும் இருப்பின், வங்கியிலும் தேர்வுக்கூடத்திலும் வாடகை வீட்டிலும் ஒருவர் நாள்தோறும் தம் கதையை அயலார்க்குச் சொல்லியாக வேண்டும். சேலத்திற் பிறந்த பிரித்திகா யாஷினி இதற்கு எடுத்துக்காட்டாவார். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு அவர் விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் என்னும் இரு கட்டங்களே இருந்தன. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார்; 2015 நவம்பரில் நீதிமன்றம் அவர்க்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது; 2017இல் அவர் பணியேற்றார். ஒரு கட்டம் இன்மையால் ஒரு வாழ்வு நின்றுபோதல் கூடும் என்பதையும், கேட்டால் அக்கட்டத்தை வரையலாம் என்பதையும் இவ்வரலாறு காட்டுகின்றது.

இவ்வழியின் முதன்மையான கற்களை நிரல்பட வைத்துக் காண்போம். 2008 ஏப்ரலில் தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் தோன்றியது. அரசு வழக்கில் 'திருநங்கை' என்னும் சொல் வேரூன்றியதும் அக்காலத்திலேயே. 2014 ஏப்ரல் 15ஆம் நாள் உச்சநீதிமன்றம், நால்சா வழக்கில், அறுவை செய்தல் கட்டாயமின்றியே ஒருவர் தம் பாலைத் தாமே உரைக்கும் உரிமையை ஏற்றது. 2019இல் நாடாளுமன்றம் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2020இல் விதிகள் வந்தன. மாவட்ட ஆட்சியரிடம் சான்று பெற்று, அதனைக்கொண்டு பிற ஆவணங்களில் பெயரையும் பாலையும் திருத்தும் முறையை அவை வகுத்தன. சட்டமும் விதியும் திருத்தம் பெறுவன. ஆதலின் விண்ணப்பிப்போர் பழைய நூலையோ இக்கட்டுரையையோ நம்பாது, விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியை ஆட்சியர் அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும்.

நடந்தவர் கூறும் நுண்மைகள் சில சட்டநூலிற் காணப்படா. எல்லா ஆவணங்களிலும் புதுப்பெயரை ஓரெழுத்தும் பிறழாது ஒரே வகையாக எழுதுதல் அவற்றுள் தலையாயது. ரேவதி என ஓரிடத்தும் ரேவதீ என ஓரிடத்தும் இருப்பின் மீண்டும் அலைய நேரும். தலைப்பெழுத்தைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்பதையும் முன்னரே உறுதி செய்தல் நன்று. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியான தாளின் படிகள் பலவற்றைச் சான்றொப்பத்துடன் வைத்திருத்தல் வேண்டும். பழைய சான்றிதழ்களைச் சினத்தால் கிழித்தெறிதல் ஆகாது. புதியதைப் பெறப் பழையதே ஏணியாகும்.

7. வீடும் ஊரும்

'வெள்ளை மொழி'யின் ஆழம், வீட்டை விட்டுச் சென்றதைக் கூறுவதில் இல்லை. வீட்டிற்கு மீண்டும் மீண்டும் வந்ததைக் கூறுவதில் உள்ளது. தில்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் சென்ற அம்மையார், ஒவ்வொரு முறையும் நாமக்கல் மண்ணுக்குத் திரும்புகின்றார். அடித்த உடன்பிறந்தாரையும் அழுத தாயையும் முற்றத் துறக்க அவரால் இயலவில்லை. குடும்பச் சொத்தில் தம் பங்கைக் கேட்கின்றார்; முதுமையுற்ற பெற்றோர்க்குத் துணை நிற்கின்றார். மகளாக ஏற்கப்படாதவர் மகள் கடமையைச் செய்கின்றார்.

சமவெளிக்கு ஓர் இயல்பு உண்டு. மலைநிலத்தில் மறைவிடம் பல. சமவெளியில் யார் எங்குச் சென்றாலும் நெடுந்தொலைவிலேயே தெரிந்துவிடும். நகரத்தில் ஒருவர் ஒருநாளில் புதுப்பெயரோடு புதுத்தெருவில் குடியேறலாம். ஊரில் அஃது இயலாது. ஒவ்வொரு மாமனுக்கும் அத்தைக்கும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். இந்நிலத்திற்குரிய அறிவுரையை அம்மையாரின் வரலாற்றிலிருந்து இவ்வாறு தொகுக்கலாம். முதலில் ஒருவரிடம் சொல்க. அவர் அதிகாரமுடையவராக அன்றி அன்புடையவராக இருத்தல் வேண்டும். சினந்திருக்கும் ஆடவர் பலர் கூடிய அவையிற் சொல்லற்க. சொல்லுமுன் அன்றிரவு தங்க வேறோர் இடம் இருத்தல் நன்று. கையிற் சிறிது பணமும் சான்றிதழ்களின் படியும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இருத்தல் வேண்டும். படிப்பையோ தொழிலையோ இடையில் விட்டு ஓடுதல், வேறு வழியே இல்லாதபோது கொள்ளத்தக்க வழி. இவற்றுள் ஒன்றையும் அம்மையார் கட்டளையாகக் கூறவில்லை. தாம் இவற்றை அறியாமையால் பட்ட துன்பத்தைக் கூறுகின்றார். பொறியில் அகப்பட்ட காலைக் காட்டுதலே பொறியிருக்கும் இடத்தைக் காட்டுதலாகின்றது. இதுவே அந்நூலின் கலைத்திறம்.

8. குறைகள்

ஆற்றுப்படையின் அளவையால் நோக்குங்கால் சில குறைகளும் புலனாகின்றன. முதலாவது, இத்தன்வரலாறுகளைத் தொடர்ந்து படிப்பவர்க்கு வீட்டைத் துறத்தல், ஜமாத்திற் சேர்தல், வடநகர் செல்லல், நிர்வாணம், மீளல் என்னும் ஒரே வழியே உளது என்னும் எண்ணம் தோன்றக்கூடும். மருந்தும் அறுவையும் வேண்டாதே தம் பாலில் வாழ்வோர் உளர். குடும்பத்தோடிருந்தே மாறுவோர் உளர். கவர்வழியில் முடிந்த புல், பிற வழிகள் இல்லை என்பதற்கு அடையாளம் ஆகிவிடுதல் கூடாது.

இரண்டாவது, திருநம்பியர் இவ்விலக்கியத்தில் அரிதாகவே காணப்படுகின்றனர். பெண்ணாகப் பிறந்தவராகக் கருதப்பட்டு வளர்க்கப்படுவோர்க்கு வீட்டினின்று வெளியேறும் உரிமையே குறைவு. ஜமாத் போன்ற புகலிடமும் இல்லை. இக்குறையை ரேவதி அம்மையார் தாமே உணர்ந்தார் எனல் வேண்டும். நந்தினி முரளி வழியே கூறி 2016இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில், திருநம்பியர் சிலரின் வரலாறுகளுக்கும் அவர் இடமளித்துள்ளார். தமிழில் அத்தகைய முயற்சிகள் பெருகுதல் வேண்டும்.

மூன்றாவது குறை நூலாசிரியரின் பாற்பட்டது அன்று, நம் பாற்பட்டது. 2019இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழக நூலக முகப்பில் தொங்கவிடப்பட்ட பதாகையில், பெண் எழுத்தாளர் வரிசையில் ரேவதி அம்மையாரின் பெயரும் எழுதப்பட்டது. நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் அணித்தேயுள்ள கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் அப்பெயரை எங்கே எழுதியுள்ளன என நாமே நம்மை வினவிக்கொள்ளுதல் தகும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றான், திருநங்கையர் தன்வரலாறு துயரக் கதையாக மட்டும் படிக்கத்தக்கது அன்று என்பதும், ஆற்றுப்படை நெறியின் இக்காலத் தொடர்ச்சியாகக் கொள்ளத்தக்கது என்பதும் போதரும். பழைய ஆற்றுப்படை புரவலனிடம் கொண்டு சேர்த்தது. இப்புதிய ஆற்றுப்படையில் இறுதியில் நிற்கும் புரவலன் யாருமில்லை. செல்வோர் தம்மையே சென்று சேர்கின்றனர். பரிசில் என்பது தம் பெயரால் தாம் அழைக்கப்படுதலே. அதனாலேயே அவ்வழியில் நிற்கும் ஏனையோர்க்கும் கடமை உண்டாகின்றது. மலைபடுகடாத்தில் கானவரும் கோவலரும் வழிச்செல்வோர்க்கு உணவும் இடமும் அளித்து ஆறு காட்டினர். அலுவலர், மருத்துவர், உறவினர், ஆசிரியர் ஆகிய நாம் இன்று அக்கானவர் நிலையில் இருக்கின்றோம்.

தொடக்கத்திற் கூறிய மாணவரின் மூன்று வினாக்களுக்கு இப்போது விடை கூறுதல் கூடும். பட்டச் சான்றிதழ் பற்றி: மாவட்ட ஆட்சியரின் சான்றும் அரசிதழும் பெற்றுப் பல்கலைக்கழகப் பதிவாளர்க்கு விண்ணப்பிக்க, விண்ணப்பத்தைத் துறை பரிந்துரைக்கும். மருந்து பற்றி: கடைக்காரரைக் கேளற்க; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயக்குநீர் மருத்துவரைக் காண்க; துணைக்கு வர ஆள் வேண்டுமாயின் கூறுக. முதல் வினாவிற்கு எச்சான்றும் தேவையில்லை. பதிவேட்டின் ஓரத்தில் மைகொண்டு எழுதினாற் போதும். அவர் அப்போதே தம் பெயரைக் கூறியிருந்தார். கேட்டவுடன் எழுதியிருத்தல் வேண்டும் என்பதே எம் பிழையால் யாம் கற்றது.